நிச்சயத்துக்குப் பிறகு பார்த்த படம்

திண்டுக்கல்,
27.9.1998, ஞாயிறு.

அன்பு மகன் வீரக்குமாருக்கு அப்பா எழுதுவது.

இங்கே உன் அம்மா, உன் தங்கை அன்புக்கரசி, நான் மூவரும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசு இருக்கும் இருப்பைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் சூரத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, மில் தூசியில் இருமல் வராமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு மழை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது, குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, உன் அம்மா குடத்தோடு தெருமுனைக்கு நடக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாம் பழையபடிதான், எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் தாளாளரின் மைத்துனர் என்ற ஒரே தகுதியில் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் தினமும் அவர் மேசையில் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். அதைப் பற்றி எழுதினால் உனக்கு அலுக்கும், விடு.

வியாழக்கிழமை நீ பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியின் போனில் கூப்பிட்டு உன் அம்மாவிடம் பேசினாய். நான் வீட்டில்தான் இருந்தேன், என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. நீ சொன்னதை உன் அம்மா வந்து ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். அப்பாவுக்கு எதைக் கண்டாலும் குத்தம், மூணு மணி நேரம் ஓடுற படத்த வச்சு மாப்பிள்ளைய எடைபோடுறாரா, பெரியப்பா கொண்டுவந்த சம்பந்தம்ங்கிறதுதான் அவருக்கு உறுத்துது என்று சொன்னாயாம். என் காதுக்கே சொல்லியிருக்கலாம். அங்கே இருந்துகொண்டு நீ ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய், இங்கே நடந்தது என்ன என்று உனக்கு முழுதாக யாரும் சொல்லவில்லை என்பதால் நான் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் அன்புக்கரசிக்குத் தொப்பம்பட்டி முருகேசனை நிச்சயம் செய்தோம். உனக்கு லீவு கிடைக்கவில்லை. பையனுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் கடை, பி.காம். படித்தவன், பார்க்க லட்சணமாக இருப்பான், வாய்க்கு வாய் மாமா என்பான். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. நிச்சயம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போகும் வழக்கம் உனக்குத் தெரியும், டிக்கெட் மாப்பிள்ளை வீட்டார் செலவு, படம் முடிந்து பிரியாணி பெண் வீட்டார் செலவு. அவர்கள் வேன் பிடித்து வந்தார்கள். எரியோட்டிலிருந்து உன் பெரியப்பாவும் பேச்சாயி பெரியம்மாவும் வந்தார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்தோம், மாப்பிள்ளைக்கும் அன்புக்கரசிக்கும் நடுவில் மரியாதைக்கு அவனுடைய அண்ணன் மனைவி உட்கார்ந்தாள், அந்தப் பெண்ணின் பெயர்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

படம் நீ அங்கே நண்பர்களோடு கேசட் போட்டுப் பார்த்துவிட்டு, நல்ல குடும்பப் படம், அம்மாவைக் கூட்டிப் போங்கள் என்று எழுதியிருந்தாயே, அதேதான். பாங்கில் அதிகாரியாக இருக்கும் ஒரு பெண், லாரி வைத்துத் தொழில் பண்ணும் புருஷன். புதுவீடு புகும் நாளில் விருந்தாளிகள் நடுவில் அவன் ஏதோ ஒரு இங்கிலீஷ் சொல்லைத் தப்பாகச் சொல்கிறான், அவள் சிரித்துக்கொண்டே திருத்துகிறாள், ஓங்கி ஒரு அறை விடுகிறான், காப்பித் தட்டோடு கீழே விழுகிறாள். அடுத்த காட்சியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, பாங்கு வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வாசலில் கோலம் போடுகிறாள், பின்னால் ஒரு பாட்டு. பாட்டு நன்றாக இருந்தது, சண்டைக் காட்சி எடுத்த விதம் நன்றாக இருந்தது, நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். அந்த அறை விழுந்ததும் தியேட்டரே எழுந்து விசிலடித்தது. தியேட்டர் அடிக்கட்டும், நான் தியேட்டருக்குப் பெண் கொடுக்கவில்லை. நம் வரிசையில் முருகேசன் எழுந்து நின்று கைதட்டினான். தட்டிவிட்டு அண்ணன் மனைவியைத் தாண்டிக் குனிந்து அன்புக்கரசியிடம், நல்லாப் பாத்துக்க, ஒண்ணு உட்டா எல்லாம் நேரா நிக்கும் என்று சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். என் காதில் தெளிவாக விழுந்தது.

இடைவேளையில் அவனுடைய அம்மா முறுக்குப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, ஏனுங்க சம்பந்தி, எங்க வீட்டுலயும் இதே கதைதானுங்க, கல்யாணமான புதுசுல இவங்கப்பா ஒரே ஒரு அறை உட்டாருங்க, அன்னைக்கு மூடுன வாய இன்னைக்கு வரைக்கும் நான் தொறக்கலீங்க என்று பெருமையாகச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அத்தனை நேரமும் வாயைத் திறந்து பேசிக்கொண்டேதான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

பிரியாணிக் கடையில் இலை போட்டதும் படம் எப்படிங்க என்று பேச்சு வந்தது. உன் பெரியப்பா, இந்த மாதிரிப் படம் வந்து எம்புட்டு நாளாச்சு, குடும்பம்னா என்னன்னு இப்ப உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுற படம் என்றார். மாப்பிள்ளை, அந்த ஒரு அறைதானுங்க மாமா படமே, மத்ததெல்லாம் சும்மா ஒப்புக்கு என்றான். என்னைக் கேட்டார்கள், நான் சொன்னேன். பத்துப் பேருக்குச் சோறு சம்பாதிக்கிற பெண்ணை ஒருத்தன் நாலு பேர் முன்னால் அடிக்கிறான், அதற்கு அவளே மன்னிப்புக் கேட்கிறாள், இதைக் கதை என்று எழுதியவனையும் பார்த்துக் கைதட்டியவனையும் என்னவென்று சொல்வது என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போயிருக்கும், வகுப்பில் பேசிப் பேசி வந்த பழக்கம். பக்கத்து மேசையில் சாப்பிடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிரிப்பு மாறாமல், சம்பந்தி வாத்தியாரல்லங்களா, படத்துக்கும் மார்க் போடறாருங்க, பெயிலாக்கிப் போட்டாருங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முருகேசன் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு எலும்பைக் கடித்தான். வேன் கிளம்பியதும் உன் பெரியப்பா தெருவில் வைத்தே, ஏலே முத்து, ஒரு படத்தக்கூட நிம்மதியாப் பாக்க விடமாட்டியா, நம்ம காலத்துப் படத்துல பொண்டாட்டிய அடிக்கலையா, நீயும்தானலே பாத்த என்று சத்தம் போட்டார்.

பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. மதுரையில் படிக்கும்போது பார்த்த கறுப்பு வெள்ளைப் படங்களில் அடித்தவன் கடைசிவரை அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் கூனிப் போவான், அறை விழுந்தால் தியேட்டரில் ஊசி விழும் சத்தம் கேட்கும் என்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், ஆமா, நீங்க மாடியில உக்காந்து பாத்தீங்க, நாங்க தரையில இருந்து பாத்தவக, அப்பவும் விசில் அடிக்கத்தான் செஞ்சாங்க என்றாள். சொல்லிவிட்டு, ஒங்க அண்ணன் கொண்டாந்த சம்பந்தம், அதான் ஒங்களுக்குக் கசக்குது என்றும் சொன்னாள். மறுநாள் ரம்ஜான் பீவியிடம் கேட்டேன், அந்தப் படத்தை அவர் பாட்டுக்காகவே மூன்று முறை பார்த்தவர். அட போங்கண்ணே, பாட்டு வந்தாப் பாப்பேன், அந்த அடி வாரப்ப எந்திரிச்சுக் கைகால் கழுவப் போயிருவேன் என்றார். மூன்று முறையுமா என்றேன். ஆமாண்ணே, அத எவ பாப்பா என்றார்.

உன் பெரியப்பா விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். எரியோட்டில் கிணற்றடி நிலத்தை நான் எம்.ஏ. பரீட்சைக்கு மதுரையில் இருந்த சமயம் பார்த்து அவர் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டதை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. அன்றிலிருந்து அவர் வாசலை நான் மிதித்ததில்லை, பெண் காரியம் என்பதால்தான் அவர் நம் வீட்டுக்கு வந்ததைப் பொறுத்தேன். என் கசப்பு ஊருக்கே தெரியும், அதனால் நான் சரியான ஒன்றைச் சொன்னாலும் அதில் கசப்பைத்தான் பார்க்கிறார்கள், நீயும் அதையேதான் பார்த்தாய். எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது, சும்மா இருந்த பையனை அண்ணன் மேல் உள்ள கோபத்தில் நான்தான் அரக்கனாக்குகிறேனோ என்று. அவன் நல்லவனாக இருந்து நான் கெடுத்துவிட்டால் அன்புக்கரசியின் முகத்தில் எப்படி விழிப்பேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் படத்தைப் பற்றி உன் பெரியப்பா சொன்னார், மாப்பிள்ளை சொன்னான், நான் சொன்னேன், சூரத்திலிருந்து நீ சொன்னாய், பக்கத்து வீடு சொன்னது. கட்டிக்கொள்ளப் போகிறவளை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆடிட்டர் ஆபீசுக்குக் கிளம்பப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், உன் அம்மா பக்கத்தில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். படம் எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டேன். நான் படம் பாக்கலப்பா, அந்த அக்காவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் என்றாள். எந்த அக்கா என்றேன். அவரோட அண்ணன் பொண்டாட்டிப்பா, எனக்குப் பக்கத்துல இருந்தாங்கல்ல, அவங்க அந்தப் படத்த முன்னாடி பாத்ததில்லையாம், ஆனா அவன் கையத் தூக்குறதுக்கு முன்னாடியே கண்ண இறுக்கி மூடிக் காதப் பொத்திக்கிட்டாங்க, எங்க அடி விழும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குப்பா, எல்லாரும் கைதட்டுனதும் திரும்பிப் புருஷனப் பாத்தாங்க, பாத்துட்டு அவங்களும் தட்டுனாங்க என்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நீங்க பாத்து முடிவு பண்ணதுப்பா, நான் மறுத்துச் சொல்லமாட்டேன், ஆனா அந்த அக்கா உக்காந்த எடத்துலதான் நான் போய் உக்காரணும் என்றாள். உன் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அதுவரை இந்தச் சம்பந்தத்துக்காக என்னோடு மல்லுக்கட்டியவள் அவள். ஒங்க அண்ணன்கிட்டப் போங்க, நாளைக்கே போங்க என்றாள்.

யார் கொண்டுவந்த சம்பந்தமோ அவர் கையால்தான் நிச்சயப் புடவை திரும்பிப் போக வேண்டும், பெண் வீட்டார் நேரே போய் நீட்டினால் அது சண்டைக்கு இழுப்பது, இரண்டு ஊருக்கும் தீராத பகை. அதனால் நேற்றுக் காலை புடவையைப் பையில் வைத்துக்கொண்டு எரியோடு பஸ் ஏறினேன். போகும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் தோன்றியது. உன் பெரியப்பா வாசலிலேயே நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருப்பேனோ தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். ஒரு சினிமாவுக்காகவாலே, ஊரு சிரிக்கும்லே, என்னயப் பழிவாங்க ஒனக்கு வேற எடம் கெடைக்கலையா என்றார். ஒங்க மேல கோவம் இருக்குண்ணே, அது பாட்டுக்கு இருக்கும், அத இதுல சேக்காதீங்க, பிள்ளைக்காக வந்து ஒங்க வாசல்ல நிக்கிறேன் என்றேன். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து பேச்சாயி பெரியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பிள்ளை கண்ண மூடுனத நானும் பாத்தேன், அன்னைக்கே ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும், சம்பந்தம் பேசி முடிச்சவரு நீங்களாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன் என்று உன் பெரியப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இவரு போகலேன்னா நான் போறேன் என்றார். அந்த அம்மாள் உன் பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. உன் பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடியே, செவ்வாக்கெழம வேணாம், பொதங்கெழம போயிட்டு வாரேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

புதன்கிழமைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தை மாதத்துக்கு மண்டபம் சொன்னது, பத்திரிகைக்கு மாதிரி பார்த்தது எல்லாம் ஊருக்குத் தெரியும். வாத்தியார் கிறுக்கன் என்பார்கள், அதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை, பெண்ணிடம் ஏதோ கோளாறு என்பார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்து வருகிறவர்கள் முதல் நிச்சயம் ஏன் நின்றது என்று கேட்பார்கள், ஒரு படம் பார்த்தோம் என்றுதான் பதில் சொல்ல வேண்டும், எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டு நம் வீட்டில் காப்பி குடிப்பார்களோ. தொப்பம்பட்டியில் அந்த மருமகள் என்ன பாடுபடுகிறாளோ, அவள் கண்ணை மூடியதை அங்கே யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று உன் பெரியப்பாவிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் போகும் முன் பெரியம்மாவிடம் சொல்லியனுப்ப வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளிச் சாப்பாட்டைக் குறை, மில்லில் மேலதிகாரிகளோடு என்னைப் போல் முறைத்துக்கொண்டு நிற்காதே. பழனி முருகன் உனக்கு எல்லா நலமும் தருவான், என் ஆசியும் உன் அம்மாவின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அன்புக்கரசி தினமும் ஆபீசுக்குப் போய் வருகிறாள், சிரித்துப் பேசுகிறாள், இன்னும் ஒரு சொட்டு அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், என்னையோ உன் அம்மாவையோ கூப்பிடச் சொல்ல வேண்டாம், அவளைக் கூப்பிடச் சொல். அவள் பேசினால் கேட்டுக்கொள், அழுதால் அழவிடு. ஒரு படத்துக்காகவா என்று மட்டும் நீ கேட்டுவிடாதே, அதைக் கேட்க இங்கே ஊர் இருக்கிறது.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
முத்துச்சாமி.