கனவின் மீதிப் பாதி

எங்கள் வாயாடி மகளுக்கு,

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முறைத்துக்கொள்கிறது, மற்றபடி வாயும் வயிறும் வழக்கம்போல நலம். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை, சாப்பிட்டேன் என்று நீ போனில் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பதிலை எழுதிவிடாதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு வகுப்பு தொடங்குகிறார்கள், ஐந்து வருஷம் இருந்து அதை நடத்தித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்கிறார்கள், ஆனா என்னப் பத்தி நீ கண்ட கனவுதாம்மா எனக்குப் பதில், மாசக் கடைசிக்குள்ள முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன் என்று சொன்னாய். நானும் சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து என்னைத் திசை திருப்பிவிடுவாய், உன் குரலைக் கேட்டால் எனக்கும் மனசு மாறிவிடும், அதனால்தான் நேற்று கூப்பிட்டு என் கடிதம் வரும்வரை பொறு என்று மட்டும் சொன்னேன். இதை உட்கார்ந்து முழுசாகப் படி, நடுவில் டீ போட எழுந்து போகாதே.

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்த்த விசில் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், மெஷின் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்று விரலை வாயில் வைத்து விசிலடித்தே எல்லோரையும் மேய்ப்பாளே, அவள்தான். அவள் ஓய்வு பெறப்போகிறாள் என்றதும் அந்த இடத்துக்கு என் பெயரைச் சொல்லிவிட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஈரம் போன விரிப்பை எதிரில் ஒருத்தி பிடிக்க, மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கிற வேலையில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, ஆனால் எந்த வார்டுக்கு எத்தனை தலையணை உறை போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், தாமதமாக வருகிறவளைக் கூப்பிட்டுக் கேட்பதும் எனக்கு வருமா? மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்று உண்மையிலேயே ஜெபித்தேன். நான் ஜெபித்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கும், அது உனக்கே தெரியும். ஆண்டவரே, நான் இந்தப் பொறுப்ப எடுக்கணும்னா, மூணு மாசமா நின்னு போன இந்தச் சுவர்க் கடிகாரம் நாளைக்குக் காலையில ஓடட்டும் என்று கேட்டேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது எங்கே ஓடப்போகிறது, முடியாது என்று சொல்ல நல்ல சாக்குக் கிடைத்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது! அதுவும் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டு. தானாக ஓடத் தொடங்கின கடிகாரம் நேரத்தையும் எப்படித் தானாகத் திருத்திக்கொண்டது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. அற்புதம் செய்கிறவர் அரைகுறையாகவா செய்வார் என்று அழுதுகொண்டே போய் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதோடு விட்டேனா, அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒவ்வொரு வரி சொல்லும்போதும் எல்லோரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்கிறார்கள், உன் அப்பா மட்டும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள், அப்பா அவர்களுக்குக் கொடுத்த டீ பாதி தட்டில்தான் இருந்தது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, ஆண்டவர் நம் வீட்டுக்கு வந்துபோனதில் மனுஷன் உருகிப்போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் துணி துவைக்க எடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் சலவைக்கூடத்தில் நின்றவளுக்குப் பை பார்க்காமல் துணியை நனைக்க வராது, டாக்டர் கண்ணாடி, நர்ஸ் பேனா, ஒரு தடவை ஒரு பல் செட்டு எல்லாம் எடுத்துக் கொடுத்தவள் நான். அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டால் துருப்பிடித்த பழைய பேட்டரி ஒன்று. அதைச் சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனுஷன் மறைக்கவில்லை. நீ ஜெபிச்சது கேட்டுச்சு, நீ நல்லா செய்வேன்னு எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியல, அதான் நீ குளிக்கப் போனப்ப மாத்திட்டேன், ஆண்டவர் ஓட வைப்பார்னு விட்டா பேட்டரி யாரு வாங்கறது என்று என்னையே கேட்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை, அதில் முதல் நாள் நான் பேசாததை அவர் கவனிக்கவே இல்லையாம்.

வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கப் போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. சிரித்து முடித்தபிறகு, கடிகாரத்த விடுங்க, அந்த வேலைக்கு உங்க பேரச் சொன்னது யாரு என்று கேட்டார். விசில் அக்கா என்றேன். கூட வேலை செய்யறவங்க என்ன சொல்றாங்க என்றார். நீதான் வரணும்னு சொல்றாங்க என்றேன். உங்களால முடியுமா என்றார். கொஞ்சம் யோசித்து, முடியும்னுதான் தோணுது, பயமா இருக்கு, அவ்வளவுதான் என்றேன். அப்ப ஆண்டவர் இத்தன வாயால சொல்லியும் உங்களுக்குக் கடிகாரம் வேற ஓடணுமாம்மா என்று கேட்டுவிட்டு, பயத்தோடயே போங்க, கூட வருவார் என்று ஜெபித்து அனுப்பினார். அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து பேட்டரிக் கதையையும் சபையில் சொன்னேன், முதல் சாட்சியைவிட இதற்குத்தான் அதிக ஸ்தோத்திரம் வந்தது. இப்போது வேலையில் மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் எதையோ தட்டிவிட்டேன், கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது, ஒரு மணி நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டே வேலை பார்த்தேன். விசிலடிக்க மட்டும் இன்னும் வரவில்லை, காற்றுத்தான் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாமேல் அவ்வளவு கோபப்பட்ட நான் உனக்குச் செய்தது அதைவிட மோசம். நான் கண்ட கனவில் நீ பழுப்பு நிறப் பெட்டியோடு வாசலில் வந்து நின்று சிரித்தாய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாய் என்று சொன்னேன் அல்லவா, அதெல்லாம் நிஜம்தான். ஆனால் கனவு அங்கே முடியவில்லை. நீ உள்ளே வந்து சாப்பிட்டாய், தட்டைக் கழுவி வைத்தாய், பிறகு அம்மா, பிள்ளைங்க காத்துக்கிட்டிருப்பாங்க, நான் போகணும் என்று பெட்டியை எடுத்தாய். அதன் வாரை இழுத்து மாட்டிக் கொடுத்ததே நான்தான். கனவில் நான் அழவில்லை, விழித்த பிறகுதான் அழுதேன். உன்னிடம் சொல்லும்போது செருப்பைக் கழற்றின இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு மாதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் பேட்டரியைக் கையில் எடுத்தபோதே முகம் சுட்டது, உன் போன் வந்த பிறகு அந்தச் சமாதானமும் போய்விட்டது. அப்பாவாவது என்னைத் தூக்கிவிடத்தான் செய்தார். நான் உன்னை இழுத்துக்கொள்வதற்குச் செய்தேன், அதுவும் ஆண்டவர் பெயரைச் சொல்லி. என்னை மன்னித்துவிடு கண்ணு.

இந்த மீதியைப் படித்துவிட்டு, ஓ, அப்படியென்றால் ஆண்டவர் இங்கேயே இருக்கச் சொல்கிறார் என்று மறுபடியும் கனவையே பிடித்துக்கொண்டு தொங்காதே. அன்றைக்கு ராத்திரி நான் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டிருந்தேன். போதகர் என்னைக் கேட்ட மாதிரி உன்னை நீயே கேட்டுப் பார். உன்னைக் கூப்பிடுவது யார், பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள், உன்னால் முடியுமா, உனக்கே அதில் மனசு இருக்கிறதா? இப்போது உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் வாய்க்குப் பக்கத்தில் விரல்களைத் திறந்து மூடி, வாயாடி என்று உனக்குச் சைகையிலேயே பெயர் வைத்ததை நீ சொன்ன நாளில் சிரித்தாயே, அப்படி நீ சிரித்து நான் வருஷக்கணக்காகக் கேட்டதில்லை. அப்பா இப்போது உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தச் சைகையைத்தான் செய்கிறார், கடைக்காரரிடம்கூட. ஜெபித்துவிட்டு, யோசித்து, உனக்குச் சரி என்று பட்டதைச் செய். தப்பாகப் போய்விட்டாலும் ஆண்டவர் கையை விட்டுவிடுகிறவர் இல்லை, பாதி வழியில் திருப்பிவிடவும் அவருக்குத் தெரியும். உன் அறையை நான் இஸ்திரி மேஜை போட்டு அடைத்துவிட்டேன், வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னால் சொல், எடுத்துவிடுகிறேன்.

கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லி எத்தனை தடவை சொல்லிவிட்டேன், இந்த வாரமே போய்க் காட்டு. அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார், அவர் எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவார் என்று பேனாவை நான் கொடுக்கவில்லை. உன் போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் உன்னோடு இருப்பாராக, உன் கையின் வேலையை அவர் ஆசீர்வதிப்பாராக. நீ என்ன முடிவு எடுத்தாலும் முதலில் பள்ளிக்கூடத்துக்குச் சொல், அப்புறம் எனக்குச் சொன்னால் போதும். ஆனால் ஒன்று, நீ வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ரொம்ப ஆசை. அதை என் ஆசை என்றே எழுதுகிறேன், அதன் கீழே ஆண்டவர் கையெழுத்தை இனி நான் போடமாட்டேன்.

என் கையெழுத்து மட்டும்,
உன் அம்மா