காலியாக விடக்கூடாத வரி

அண்ணாச்சி, இன்று காலைத் தபாலைப் பிரிக்கும்போதே அரக்கு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வடக்கே மலைமேல் உட்கார்ந்துகொண்டு தேசம் முழுவதன் துப்பு விசாரணைக்கும் தலைவராக இருக்கிறாரே ஒரு துரை, அவருடைய உறை. 'பதினேழாம் எண் ஆசாமியைப் பற்றி ஆறு வாரமாக அறிக்கை இல்லை. விளக்கம் தேவை.' உங்களுக்குப் பதினாறாம் நாள் காரியம் கழிந்தே ஒரு மாதம் ஆகிறது. செத்தும் கொடுத்தான் என்று ஒருவரைச் சொல்வார்கள். நீங்கள் செத்தும் எனக்கு வேலை வைக்கிறீர்கள்.

சுதேசிப் பேச்சு சூடாக இருந்த காலம் அது. நீங்கள் பாளையங்கோட்டையில் இன்ஸ்பெக்டர், நான் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர். சந்தேகப்படும் ஆளின் விவரத்தை நிரப்பி அனுப்பச் சொல்லித் துரையிடமிருந்து ஒரு படிவம் வந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், காரணம். தொழிலுக்கு அதில் இடமே இல்லை. பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவர் அடிக்கடி கொழும்புக்குப் போகிறார் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். நாம் இருவரும் போய்க் கடையைச் சோதித்தோம். பாய்க்குள் பாய்தான் இருந்தது. 'எவருமில்லை' என்று எழுதி அனுப்பினீர்கள். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், வரியைக் காலியாக விடக்கூடாதாம்.

"அந்தப் பாய்க்காரர் பேரை எழுதித் தொலைப்போம் அண்ணாச்சி" என்றேன்.

"எழுதிரலாம்வே. ஏத்துன பேர எறக்குததுக்கு ஆளு உண்டா? அவரு பிள்ளைக்குப் பிள்ளை வரைக்கும் பின்னாலயே ஒருத்தன் சுத்துவான். என் பேர எழுதும்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு?"

"காரணம் இதான்: பல தரப்பு ஆளுகளோட பழக்கம். ரகசியக் காயிதம் வருது. ஊர் ஊராச் சுத்துதான். எல்லாம் நெசம்தானவே?"

எழுதினேன். என் கையை அன்றைக்கே ஒடித்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் உங்களுக்குப் பதினேழாம் எண் கொடுத்துப் பதில் வந்தது: 'தொடர்ந்து கண்காணிக்கவும்.' கண்காணிக்க வேண்டியவர் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்!

ஏழு வருஷம், அண்ணாச்சி. வாரா வாரம் என் மேஜை முன்னால் வந்து நிற்பீர்கள். "செவ்வாக்கெழம வள்ளியூருக்குப் போனேன், எழுதும். பொய் மட்டும் எழுதிராதேயும்." காய்ச்சலில் நீங்கள் படுத்த வாரம், 'வீட்டைவிட்டு வெளியே வரவில்லை' என்று எழுதினேன். நடமாட்டமில்லாதது சந்தேகத்துக்குரியது, காவலைப் பலப்படுத்தவும் என்று உத்தரவு வந்தது. நம் கான்ஸ்டேபிளே உங்கள் வாசலில் நின்றான். மதினி அவனுக்கும் கஞ்சி ஊற்றினார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பதவி உயர்வு வந்தபோது, 'இதே பெயரில் இதே ஊரில் ஒருவர் கண்காணிப்பில் இருப்பதால், அந்த விவகாரம் தீரட்டும்' என்று உங்களைத் தள்ளிவைத்தார்களே, அதற்கும் சிரித்தீர்கள். எனக்கு ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பியவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். "பைய இரியும். என் பேரு எறங்குனா அந்த எடத்துல யாரு பேரவே ஏத்துவீரு?"

உங்களை எடுத்த அன்று அந்தப் பாய் வியாபாரியும் வந்திருந்தார். என்னை அடையாளம் தெரியாத அவரிடம், எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். "பழக்கம்லாம் இல்ல. ஒருதரம் கடைய சோதிக்க வந்தாவ. பாய மிதிக்கப்படாதுன்னு பூட்ச வாசல்லயே கழட்டிட்டு வந்தாவ. அதான் பாத்துட்டுப் போவோம்னு." அவருக்கு வேறொன்றும் தெரியாது.

இன்று மத்தியானம் 'பதினேழாம் எண் காலமானார்' என்று எழுதிப் புது இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். அவர் பழைய கட்டைப் புரட்டி அந்த மொட்டைக் கடிதத்தை எடுத்துவிட்டார்.

"வரி காலியா இருக்கப்படாதுவே. இந்தப் பாய்க்காரன் இன்னும் கொழும்புக்குப் போயிட்டுதான இருக்கான்? அவன் பேரப் போடும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். உங்களை வாய்விட்டுத் திட்டினேன். உங்களோடு சேர்ந்ததற்கு என்னையும் திட்டிக்கொண்டேன். பிறகு பேனாவை மையில் தொட்டு என் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'காலமான பதினேழாம் எண்ணோடு ஏழு வருஷம் நெருங்கிய பழக்கம்.' அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பொய் எழுதவில்லை, அண்ணாச்சி.