ஆட்டுமணி

கஞ்சிக்கோடு,
12-2-78, ஞாயிறு.

அன்பு மகன் செங்கோட்டையனுக்கு அப்பா எழுதுவது. ஏலப்பாறைக் குளிரில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்கப் பழனியாண்டவன் துணை. இங்கே மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

முதலில் என் மானம் போன கதை. போன வாரம் மாட்டுக் கொட்டகைத் தூணில் கற்றாழை நாரைக் கட்டிச் சடை பின்னிப் பழகிக்கொண்டிருந்தேன். ஈஸ்வரமூர்த்தி பார்த்துவிட்டான். "ஏனுங் மாமா, எருமைக்குக் கண்ணாலமுங்களா? சொல்லவே இல்லீங்களே" என்றான். இப்போது ஊரே எருமைக்கு மாப்பிள்ளை பார்க்கிறது. உன் தங்கச்சி பொன்னாத்தாளே தன் சடையைப் பின்னிக்கொள்ளப் பழக்க வேண்டும் என்று நர்ஸ் சாந்தம்மாள் சொன்னதால் வந்த வினை இது. உன் அம்மாள் அவசரக்காரி, பின்னிவிட்டே எழுந்துவிடுவாள். அதனால் வாத்தியார் வேலை எனக்கு. எட்டாங்கிளாஸை இரண்டு வருஷம் படித்தவன் என்பதால் மெதுவாகக் கற்பவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு எஸ்டேட் ஜீப்போடு வந்து தங்கச்சியை, புத்தி வளராத பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அந்த விடுதியில் கொண்டுபோய் விடுவதாக எழுதியிருக்கிறாய். விடுதிப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவனும் நான்தான். இப்போது ஜீப் கொண்டுவராதே என்று கேட்பவனும் நான்தான். வியாழக்கிழமை நடந்ததைச் சின்னையன் மாமன் உனக்கு எழுதியிருப்பார். அவர் எழுதினால் கொஞ்சம் கூடவே இருக்கும். நடந்தது இதுதான்.

ஒன்றரை வருஷமாக மாதத்தில் முதல் செவ்வாய் ஒரு டாக்டர் நம் ஊர் வாயனசாலைக்கே வருகிறார். பேப்பர் படிக்கும் பெஞ்சுகளில் அன்றைக்கு நம்மைப் போலப் பிள்ளை பெற்றவர்கள் உட்கார்ந்திருப்போம். கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் அவளை இழுத்துப்போய் அவளிடமே கடி வாங்கிய காலம் முடிந்தது. மாத்திரையை ஒழுங்காகக் கொடுப்பதால், கடைசியாக வலிப்பு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சாந்தம்மாள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறாள். ஊசி போட இல்லை, பொன்னாத்தாளோடு ரோட்டில் நடக்க. கடைக்காரர், ரயில்வே கேட்காரர் எல்லோரிடமும் நிறுத்தி, கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முன்னால் நின்று மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள்.

அப்படித்தான் ஜப்பார் ராவுத்தர் டீக்கடைக்குப் பால் கொண்டுபோகப் பழக்கினோம். முதலில் நான் கூட நடந்தேன். பிறகு பத்தடி பின்னால். தை ஒன்றாம் தேதியிலிருந்து தனியாகப் போகிறாள். பால் போசியை ராவுத்தர் கையில் கொடுக்க வேண்டும், காலிப் போசியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு நாளும் தப்பவில்லை.

வியாழக்கிழமை ராவுத்தர் மகள் மும்தாஜுக்குப் பிரசவ வலி கண்டு அவர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். கடை சாத்தியிருந்தால் என்ன செய்வதென்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ராவுத்தர் கையில் கொடு என்றோம். அவள் ராவுத்தரைத் தேடிப் புறப்பட்டுவிட்டாள்.

அரை மணி ஆகியும் காணோம். நான் வாய்க்கால் ஓரம் ஓடினேன். பிறகு கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீரில் என் மூஞ்சி மட்டும் தெரிந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். உன் அம்மாள் சந்தில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். பொன்னாத்தாள் இடுப்பில் அவள் கட்டிய ஆட்டுமணிச் சத்தம் எங்கும் இல்லை. மணி தொழுவத்தில் தாழியடியில் கிடந்தது. "கயிறு நைஞ்சு போனதப் பாக்காம உட்டுட்டனே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

பொன்னாத்தாள் லாரி ரோட்டோரமாக ஒன்றரை மைல் நடந்து ரயில்வே கேட்டுக்குப் போயிருக்கிறாள். கேட் மூடியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரம். கேட்காரர் காளிச்சாமியின் தம்பியும் டாக்டரைப் பார்க்க வாயனசாலைக்கு வருகிறவன். அதனால் அவர் அவளை எட்டிப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் திமிறிக்கொண்டு தண்டவாளத்துக்கே ஓடியிருப்பாள். கொடியோடு முன்னால் வந்து நின்று, "ராவுத்தரு இங்கதான் வருவாரு கண்ணு. போசியக் கீழ வெச்சுட்டு உக்காரு" என்றாராம். உட்கார்ந்துவிட்டாள். வண்டி போயிற்று. காளிச்சாமி சைக்கிளில் ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இன்னும் கொடியைச் சுருட்டாமல் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். போசியில் பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. "ராத்தரு கடெ சாத்தி" என்று என்னிடம் புகார் சொன்னாள். மூன்று வார்த்தை சேர்த்துப் பேசி நீ கேட்டிருக்கிறாயா?

சாந்தம்மாள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள். அவள் சொன்னபடி இப்போது தினமும் ராவுத்தர் வியாபார நேரத்தில் பலகையைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒளிந்துகொள்கிறார். பாதி டீ குடித்தவர்கள் தம்ளரோடு வெளியே நிற்கிறார்கள். முதல் நாள் பொன்னாத்தாள் பலகையை உடைக்கப் பார்த்தாள். நேற்று நின்று அழுதாள். இன்று போசியோடு தானே வீடு திரும்பினாள்.

ஆனாலும் உன் அம்மாள் பயந்துவிட்டாள். "அனுப்பிச்சரலாமுங்க, என்னால கண்ணுல வெச்சுப் பாக்க முடியல. கயித்தக்கூடப் பாக்காத நானெல்லாம் ஒரு ஆத்தாளா" என்கிறாள். எங்களுக்குப் பிறகு யார் என்று நீ கேட்டாய். எனக்கும் பதில் தெரியாது. அந்த விடுதியில் உயரமான மதில் இருக்கிறது என்று எழுதினாய். நல்லதுதான். மதிலுக்கு அவள் பேர் தெரியாதே.

ஞாயிறு பஸ்ஸில் வா. ஒரு நாள் தங்கி, திங்கள் காலை அவள் பின்னால் பத்தடி தள்ளி நடந்து பார். அதற்குப் பிறகும் ஜீப் வேண்டும் என்றால் என் கையெழுத்து உன்னிடம்தானே இருக்கிறது. குழந்தைக்குக் குளிரில் காதை மூடி வை. எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா ரத்தினசாமி.

இதுவரை எழுதியதை உன் அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். இனி வருவதை வாசிக்கவில்லை. கயிறு நைந்து போகவில்லை. வியாழக்கிழமை காலை சடை பின்னி முடித்ததும் நான்தான் பன்னருவாளால் அறுத்தேன். சாந்தம்மாள் சொல்லி அல்ல, அவள் மணி இல்லாமல் நடக்க வேண்டும் என்று எனக்கே ஆசை. உன் அம்மாள் மணியைப் புதுக் கயிற்றில் இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டாள், பழியையும் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பொன்னாத்தாள் போசியோடு கிளம்பியபோது சத்தமே இல்லை. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, என் மகள் போகிறாளா என்று தெரிந்துகொள்ள நான் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.