தேனுகாவின் இரத்தச் சோதனை

பூநகரி,
12.08.2024

அன்பு மச்சாள் சுரேகாவுக்கு,

போனிலை கதைச்சால் அழுதுபோடுவன், அதான் எழுதுறன். தேனுகாவுக்கு இப்ப வயிற்றுநோ குறைவு. எண்ணெய் இல்லாமல்தான் சமைக்கிறன். எட்டு வயதுப் பிள்ளை, வடை கேட்கிறாள்.

நானும் பிள்ளையும் இப்ப பளையிலை உங்கட அண்ணாவோடை இல்லை. ஆனி மாதம் தொட்டு அம்மா வீட்டிலைதான். கணைய அழற்சி பரம்பரையா வாறது, தாய்வழியை விசாரிச்சுப் பார் எண்டு உங்கட அண்ணாவுக்குச் சொன்னீங்களாம். என்ரை தாய்மாமனும் வயிற்றுநோவிலை செத்தவர்தானே. அதைப் பிடிச்சுக்கொண்டு அவர், "உன்ரை இரத்தம்தான் என்ரை பிள்ளையைக் கெடுத்தது" எண்டார். அதுக்குப் பிறகு நான் அங்கை நிக்கேல்லை.

நீங்கள் இந்த வருத்தத்தைத்தான் சுண்டெலிகளிலை ஆராயிறீங்கள். உண்மையை எனக்கும் சொல்லுங்கோ. என்னாலைதான் எண்டாலும் பரவாயில்லை.

சிவலட்சுமி


பேர்கன், நோர்வே,
03.09.2024

அன்பு மச்சாள்,

அண்ணாவுக்கு அப்பிடிச் சொன்னது நான்தான். தாய்வழி எண்டு ஏன் சொன்னன் எண்டு இப்ப என்னையே கேட்கிறன்.

எங்கட ஆய்வுகூடத்திலை மரபணு மாறின சுண்டெலிகள் இருக்கு. சும்மா விட்டால் நல்லா ஓடித் திரியுதுகள். சாதாரண சுண்டெலிக்கு வைரஸ் ஏத்தினால் கணையம் வீங்கி, கொஞ்ச நாளிலை ஆறிப்போகும். மரபணு மாறினதுக்கு அதே வைரசை ஏத்தினால்தான் வீக்கம் ஆறுதில்லை. தேனுகாவுக்கு மாசியிலை வந்த காய்ச்சலை யோசிச்சுப் பாருங்கோ. அவளுக்கும் இரண்டும் சேர்ந்திருக்கலாம். அதிலை ஒருத்தருக்கும் குற்றமில்லை.

இன்னொண்டு. அண்ணா அனுப்பின பிள்ளையின்ரை இரத்தச் சோதனையிலை கண்ட மரபணு மாற்றத்தை இங்கை டொக்டர் என்ரை இரத்தத்திலையும் பார்த்தவர். இருக்கு. அண்ணா வழியாத்தான் அவளுக்கு வந்திருக்க வேணும். எங்கட அப்பா வயிற்றைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கேக்கை, குடிதான் காரணம் எண்டு சாகுமட்டும் ஏசினனாங்கள்.

அண்ணாவுக்கும் எழுதிப்போட்டன். என்னை மன்னியுங்கோ.

சுரேகா


பூநகரி,
29.09.2024

அன்பு மச்சாள்,

உங்கட கடிதத்தோடை அவர் போன ஞாயிறு வந்தவர். முற்றத்திலை நிண்டபடியே, பிழை தன்னிலைதான், வா போவம் எண்டார். இருக்கக் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுத்தனான்.

"உங்கட தங்கச்சியின்ரை இரத்தத்திலை அது இல்லாமல் இருந்திருந்தால், வந்திருப்பீங்களோ?" எண்டு கேட்டன்.

அவர் தேத்தண்ணியை வைச்சிட்டு எழும்பினவர். பிள்ளையோடை கொஞ்சநேரம் விளையாடிப்போட்டு, பின்னேர பஸ்சிலை போயிட்டார்.

தேனுகாவை இங்கை பள்ளிக்கூடத்திலை சேர்த்திட்டன். கிளினிக்குக்கு அவர் கூட்டிக்கொண்டு போகட்டும், நான் மறிக்கேல்லை. பளைக்கு நான் திரும்பமாட்டன்.

உங்களோடை எனக்குக் கோபமில்லை. நீங்கள் அங்கை தனிய இருக்கிறீங்கள். சின்னக் காய்ச்சல் எண்டாலும் அசட்டையா விடாதேங்கோ. வயிறு நொந்தால் எனக்குச் சொல்லுங்கோ.

சிவலட்சுமி