மாத்திரை போடாத மூன்று நாள்

என் உயிரான அக்கா,

நீ போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. இதை முதலில் நானே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். ஆயர் ஈத்தாமில் நம் பிளாட் முழுக்க இப்போது இதுதான் பேச்சு.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று, வந்த பெண்கள் எல்லோரும் வழக்கப்படி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். என்னைத் தொட்டால் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். மரக்கட்டை மாதிரி நின்றேன். யார் தலையில் என்ன எண்ணெய் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அத்தை முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"கூடப் பொறந்தவ செத்துக் கெடக்குறா, ஒரு சொட்டுத் தண்ணி வரல. எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை லா. மொதல்ல அத நிப்பாட்டு!"

எந்த மாத்திரை என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? முப்பத்தொரு வயதில் எனக்கு ஆட்டிசமும் கவனக்குறைபாடும் சேர்ந்தே இருப்பதாகச் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீ. இரண்டும் இருப்பவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லத்தான் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதை எழுதிக்கொண்டதும் நீ. அதைப் போட ஆரம்பித்த பிறகுதான், பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஒரு சர்க்யூட் போர்டைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது நின்றது.

ஆனாலும் அத்தை சொன்னது உண்மையோ என்று பயந்துவிட்டேன். உன் பதினாறாம் நாளிலாவது அழ வேண்டும் என்று, டாக்டரைக் கேட்காமல் மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினேன். அழுகை வரவில்லை, அக்கா. படையலுக்கு உனக்குப் பிடித்த நண்டுக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, துணி காயப்போடப் போனவள் அப்படியே மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஓடிவந்து கேஸை மூடினார். கடைசியில் உன் படத்துக்கு முன்னால் கடைக் குழம்பு. அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை. மறுநாளே மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்தேன்.

நேற்று டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் திட்டவில்லை.

"சில பேருக்கு இந்த மருந்து உணர்ச்சியைக் கொஞ்சம் மந்தமாக்கும். அப்படின்னா அளவை மாத்திப் பார்க்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க," என்றார். பிறகு கேட்டார், "மாத்திரைக்கு முன்னாடி நீங்க எப்படி அழுவீங்க?"

உன்னைக் கேட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். உன் பெயர்மேல் விரல் வைத்த பிறகுதான் நீ இல்லை என்று உறைத்தது.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அம்மா இறந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றும் நான் அழவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஏச வந்தவர்களிடம் நீ சொன்னாய், "அவ அழுதுகிட்டுதான் இருக்கா. உங்களுக்குத்தான் தெரியல."

இருபத்திரண்டு நாளாக உன் புடவைகளை மடிக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். இது அழுகைதானா, அக்கா? இனி எனக்கு யார் சொல்வார்கள்?

இன்று காலையும் மாத்திரையைப் போட்டுவிட்டேன். இனி யார் பேச்சையும் கேட்டு நானாக நிறுத்த மாட்டேன், உன்மேல் சத்தியம். அத்தை அடுத்த முறை கேட்டால், நீ இல்லாததால் நானே வாய் திறந்து சொல்லுவேன்: "நான் அழுதுகிட்டுதான் இருக்கேன், அத்த."

உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி