மூன்றாவது பெடல்

டாக்டரம்மா,

நேற்று மகள் புதுக் கார் எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்தாள். "ஏறி உக்காந்து பாருங்கப்பா" என்றாள். உட்கார்ந்து பழக்கதோஷத்தில் இடது காலை நீட்டினேன். கிளச் இல்லை. கால் வெறும் தரையில் போய் நின்றது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மட்டும்தான். இப்போது வருகிற வண்டிகளில் இது சாதாரணமாம். இறங்கிப் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். "என்னப்பா, பிடிக்கலையா?" என்று கேட்டவளுக்கு என்ன பதில் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் உங்களிடம் இருந்த அமெரிக்கக் காரும் இப்படித்தான். செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது உங்களுக்கு விற்றுவிட்டுப் போனது. கிளச் கிடையாது, கியர் தானாக மாறும். அதை நீங்களே ஓட்டிக்கொண்டு சிவகிரி, கீழப்பாவூர் என்று பிரசவம் பார்க்கப் போவீர்கள். சேலை கட்டிய பெண் ஒருத்தி அத்தனை பெரிய வண்டியை ஓட்டி வருவதைப் பார்க்க, ரதவீதிக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள்.

ஒரு சித்திரை மாதம் அந்த கியர் பெட்டி உயிரை விட்டது. இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. மாடு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தோம். பிரித்துப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த கியர் பெட்டி மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. எண்ணெயில் ஊறிய தகடுகளும் வளையங்களும், குடல் குடலாக வழி வெட்டிய ஒரு இரும்புத் துண்டும் கிடந்தன. சாமான் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் காலத்தில் அது வருகிற கதையில்லை. நீங்கள் ஜட்கா வண்டியை விட்டு இறங்காமலே சொன்னீர்கள்: "எப்படியாவது ஓட வெச்சிருங்க மேஸ்திரி. எப்படின்னு எங்கிட்ட கேக்காதீங்க."

நானும் கேட்கவில்லை.

மதுரைப் பழைய சாமான் கடைகளில் நாலு நாள் அலைந்து, கையால் கியர் போடுகிற சாதாரணப் பெட்டி ஒன்றைப் பிடித்தேன். கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாப்டை அறுத்து, நீளம் சரிசெய்து, வெல்டு வைத்தேன். தரைத் தகட்டில் துளை போட்டு மூன்றாவதாக ஒரு பெடல் பொருத்தினேன். கழற்றிய பெட்டியைப் பழைய இரும்புக்காரர் தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கே உடைத்தும் போட்டார். குற்றாலம் ரோட்டில் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காக்காரன் செய்ததை இந்தத் தென்காசிக்காரன் மாற்றிக் காட்டிவிட்டானே என்று அவ்வளவு பெருமை.

நீங்கள் வந்தீர்கள். கதவைத் திறந்து குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"இது என்ன மேஸ்திரி?"

"கிளச் டாக்டரம்மா. இனிமே கியர் நீங்களே மாத்திக்கிடலாம். ஆயுசுக்கும் ஓடும்."

"எந்தக் காலால மிதிக்கணும்?"

"இடது..." என்றேன்.

சேலைக் கரையை ஒரு சாண் தூக்கினீர்கள். சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன இடது கால். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முழங்காலுக்குக் கீழே தோல்வார். விரலால் அந்த இரும்பைத் தட்டினீர்கள். டங்கென்றது.

எனக்குத் தெரியாததா அது? ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவர் குறையை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நீங்கள் இறங்கி நடக்கும்போதெல்லாம் கடைக்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். பட்டறையில் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு விழாத நட்டைத் தேடுவோம். ஆறு வருஷம் அப்படித் தேடியிருக்கிறேன். பார்க்காமல் இருந்து இருந்து, கடைசியில் அந்தக் கால் என் நினைப்பிலேயே இல்லாமல் போய்விட்டது. வண்டியின் ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்தவன், அதை ஓட்டுகிறவரை ஒருமுறைகூட நினைக்கவில்லை. அந்த அதிர்ச்சி இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழப்பாவூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். "அம்மா, பிள்ளைக்குக் கை முதல்ல வந்துட்டு, மருத்துவச்சி பயப்படுதா." நான் ஓட்டினேன். நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்தீர்கள். கண்ணாடியில் உங்களை அங்கே பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பும் வழியில் நீங்கள் பேசியது ஒன்றே ஒன்றுதான். "நடக்கும்போதுதான் எனக்குக் கால் இல்ல மேஸ்திரி. ஸ்டியரிங் பிடிச்சா இருந்துச்சு."

வீட்டில் செண்பகத்திடம் சொன்னேன். என் பெண்டாட்டிக்கு நாக்கில் ஈவிரக்கம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

"அவுக காலைப் பிடுங்கிட்டு வந்து சோறு திங்கீகளாக்கும்?" என்றாள். அப்புறம் என் தட்டில் குழம்பை ஊற்றினாள். "ஓட்டுதது அவுகளா இருக்கணும், அவ்வளவுதான? பக்கத்துல உக்காந்து நான் மிதிக்கேன்."

"ஏட்டி, உனக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது."

"தையல் மிஷின் மிதிக்கேன்லா? இதுவும் மிதிக்கதுதான?"

முன் சீட்டு ஒரே பலகையாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இடப்பக்கம் அவள் ஒட்டி உட்கார்ந்து வலது காலை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டாள். நான் பின்னால். "மிதி" என்பீர்கள், கியர் போடுவீர்கள், "விடு" என்பீர்கள். அவள் வெடுக்கென்று விடுவாள். வண்டி குதித்து நிற்கும். "மெள்ள விடுட்டி, மெள்ள!" என்று அதட்டுவீர்கள். ஐந்தருவி ஏற்றத்தில் அவள் பயந்து மிதித்தபடியே இருந்துவிட, வண்டி பின்னால் உருண்டது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவர்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு சிதறி ஓடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் பிடித்து வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

ஆடிச் சாரலுக்குள் 'மிதி', 'விடு' எல்லாம் நின்றுபோயிற்று. உங்கள் கை கியருக்குப் போகும் முன்பே அவள் கால் போயிருக்கும்.

ஆனால் என் மனசு ஆறவில்லை. இரண்டு மாதம் உழைத்து, கையாலேயே கிளச் பிடிக்கிற மாதிரி ஒரு நெம்புகோல் செய்து மாட்டினேன். நீங்கள் தனியாக இலஞ்சி வரை போய்வந்தீர்கள். ஒரு குலுக்கல் இல்லை. "பிரமாதம் மேஸ்திரி" என்றீர்கள். பட்டறை வாசலில் நின்ற செண்பகம், "அப்ப நான் இனிமே வரவேண்டாம், என்ன?" என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பினாள். நீங்கள் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மேஸ்திரி, இதைக் கழட்டிருங்க."

நான் ஆடிப்போனேன். யார் கையையும் எதிர்பாராதவர் என்று ஊரே சொன்ன டாக்டரம்மாவா? "நல்லாத்தான இருக்கு டாக்டரம்மா?"

"நல்லா இருக்கு. கழட்டிருங்க." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தீர்கள். "ஏட்டி செண்பகம், ஏறு. நேரமாச்சு."

அதன் பிறகு ஆறு வருஷம் நீங்கள் இரண்டு பேரும் ஓட்டினீர்கள். அன்றிலிருந்து எந்த வண்டி பட்டறைக்கு வந்தாலும், ஓட்டுகிறவரை முதலில் உட்காரவைத்துக் காலைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன்.

ஆறாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரயிலில் உங்கள் சொந்த ஊரான பாளையங்கோட்டைக்குப் போனீர்கள். மூன்றாம் நாள் தந்தி வந்தது. முந்தின வாரம்வரை எங்களை அதட்டிக்கொண்டிருந்தவர் எப்படிச் சாக முடியும் என்று தந்திக்காரரிடமே சண்டைக்குப் போனேன். உங்கள் காரை எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. பஸ் ஏறினோம். டிரைவருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

செண்பகம் அழவில்லை. ஆலங்குளம் தாண்டும்போதுதான் குனிந்து பார்த்தேன். டிரைவர் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அவளுடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தி மிதித்தது. பிறகு மெள்ள விட்டது. அவளுக்கே அது தெரியவில்லை. பாளையங்கோட்டை வரை உங்களுக்காக அவள் மிதித்துக்கொண்டே வந்தாள்.

இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் செண்பகத்தின் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை, டாக்டரம்மா.