காந்தம் இருந்த இடம்

9 ஜூன் 1961

இசைக்குழுவில் வாசிக்கும் என் நண்பன் பலராமனின் பேஸ் கிட்டாரில் காந்தக் கட்டை கழுத்துப் பக்கம் இருக்கிறது. கம்பியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். அந்த இடத்தில் கம்பி அகலமாக ஆடும். ஒலி கனமாக, ஈரத்துணி போர்த்தியதுபோல் வருகிறது. ஒரு சுரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது - தெரிவதில்லை. தெளிவில்லாத எதையும் இப்போதெல்லாம் என்னால் பொறுக்க முடிவதில்லை.

18 ஜூன்

பிரெஞ்சுப் பத்திரிகையில் ஒரு படம். பழைய பேஸ்களில் ஒரே காந்தம். புதியதில் இரண்டு, ஒன்று கம்பிகள் ஏறி நிற்கும் குதிரையை ஒட்டி. நம்முடையதை அங்கே நகர்த்தலாம் என்றேன். பலராமன் வெகுநேரம் படத்தையே பார்த்தான்.

"அங்க வச்சா எல்லாமே கேக்குமேடா."

"கேக்கட்டும். அதுக்குத்தானே."

2 ஜூலை

உளியைப் பிடித்தது நான். புதுக் குழி தோண்டி, காந்தத்தை மாற்றி, ஒரு கம்பியைத் தட்டினேன். கண்ணாடி. அப்படி ஒரு தெளிவு.

பலராமன் வாசித்துப் பார்க்கவில்லை.

15 ஜூலை

நேற்று பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாள் நடனம். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. கூடவே ஓர் உரசல் - கர், கர்.

மில்லில் தறி கடித்த மோதிரவிரல். அதனால் பலராமனுக்குக் கம்பியை முழுதாக அழுத்த வராது. இரண்டு வருடமாக அந்தக் கனத்த ஒலி அதை மூடி வைத்திருந்தது. எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?

குழுவை நடத்தும் பெரியவர் ஆதிமூலம், சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பிய சொல்தா, இடைவேளையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏம்ப்பா, கை போயிட்டுதுன்னு சொல்லக் கூடாதா? ஈ மொய்க்கிற மாதிரி இருக்குது."

யாரோ சிரித்தார்கள்.

22 ஜூலை

பழைய இடத்திலேயே வைத்துத் தருகிறேன் என்று உளியோடு பலராமனிடம் போனேன். மில் வேலை போனபின் அவனுக்கு இருந்தது இந்தக் குழு மட்டும்.

"இனிமே எங்க வச்சா இன்னா. பெரியவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

6 ஆகஸ்ட்

பலராமனை நிறுத்திவிட்டு, அவன் இடத்துக்கு ஆதிமூலம் என்னைக் கூப்பிட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது.

11 நவம்பர்

பலராமன் தவளக்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு இருக்கிறானாம்.

1 மே 1962

பாரீஸிலிருந்து ஆதிமூலத்தின் மருமகன் புது பேஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டு காந்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ். குதிரைப் பக்கத்துக் குமிழை அடியோடு குறைத்தேன். மோதிரவிரலை வேண்டுமென்றே அரைகுறையாக வைத்து வாசித்தேன். உரசல் அடங்கிவிட்டது.

இரண்டையும் வைத்திருக்க முடியும். எங்கோ ஒருவன் இதை யோசித்திருக்கிறான். நான் பெயர்த்தெடுத்தேன்.

3 மே

தவளக்குப்பம் போனேன். குமிழைப் பற்றிச் சொன்னேன். திரும்பி வா, ஆதிமூலத்திடம் நான் பேசுகிறேன் என்றேன். சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக்கொண்டே கேட்டான்.

"பெரியவரு காதுக்கும் குமிழ் வச்சிருக்காங்களா?"

சக்கரத்தை ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்த்தான்.

"நீயே வாசிடா. சுத்தமா கேக்குதுன்னு சொல்லிக்கிறாங்க."

கோபம் இல்லாமல்தான் சொன்னான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். ஆகியிருக்கவில்லை.

6 மே

நேற்று ஒரு கல்யாணத்தில் வாசித்தேன். இரண்டு குமிழையும் முழுதாகத் திறந்து வைத்து, என் பிசகுகளும் கேட்கட்டும் என்று.